எட்டாவது குமிழ்

ஸ்ரான்லி வீதிக் கடையில்
மரியநாயகம் ஒவ்வொன்றாய்ப் பெட்டியிலிருந்து எடுத்து
மேசையில் பூட்டிய ஹோல்டரில் கொழுவி
எரிய வைத்துக் காட்டினார்.
ஏழு முறை என் கண் கூசியது.
பிறகு மார்க்கர் பேனையால்
ஒவ்வொன்றின் கழுத்திலும் திகதி எழுதினார்.
"ரெண்டு வருசத்துக்குள்ள போனா
இந்தக் கையெழுத்தோட கொண்டு வாங்கோ."

எங்கள் வீட்டில் வேறெதற்கும்
ஒருவரும் இரண்டு வருசம் பொறுப்பெடுத்ததில்லை.
கிணற்று மோட்டருக்கில்லை.
குகதாசனின் முழங்காலுக்கில்லை.
கோண்டாவில் வரைக்கும் பஸ்ஸில்
பையை மடியில் வைத்திருந்தேன்,
முட்டை கொண்டுபோகிறவள் போல.

வேலையை நிதுசன் எடுத்துக்கொண்டான்.
உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறவன்.
கதிரையில் ஏறி, சாரத் தலைப்பால் பிடித்து
பழையதைக் கழற்றி என்னிடம் நீட்டியபடி
"அம்மா, இது குமிழில்லை, அடுப்பு.
நூறு ரூபாய்க்குக் கரண்ட் குடிச்சு
பத்து ரூபாய்க்கும் வெளிச்சம் தராது.
மிச்சம் முழுக்கச் சூடு. வீண்" என்றான்.
ஓமென்றேன்.
கையிலிருந்த வீண் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

அன்றிரவு வீடு வெளுத்தது.
குசினிச் சுவரில்
தாளித்த எண்ணெய் ஏறிப்போன பாதை,
அலுமாரிக்கு மேல் துடைக்காத வருசங்கள்,
குகதாசனின் மீசையில்
மை பிடிக்காமல் தப்பிய நாலு மயிர்.
அவர் பிட்டைப் பிசைந்தபடி கோப்பையைப் பார்த்தார்.
"கறி என்ன இண்டைக்கு வெளிறிக் கிடக்கு?"
"அதே தூள்தான்."
"ஆஸ்பத்திரியில இருந்து சாப்பிடுற மாதிரி இருக்கு."
சொல்லிவிட்டு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

விறாந்தைப் பல்லி
புதுக் குமிழுக்குப் பக்கத்தில்
வயிற்றை ஒட்டிப் படுத்துப் பார்த்தது.
கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய்விட்டது.
அப்போதே நான் யோசித்திருக்கவேணும்.

ஏழு என்று எண்ணித்தான் வாங்கினேன்.
எட்டாவதை அவன் தன் காசில்
அதே கடையில் வாங்கி வந்திருந்தான்.
எனக்குத் தெரியாது.

மார்கழி. வாடை உள்ளே வரும் மாதம்.
சாமம் தாண்டிக் கோடிப்புறத்தில் சத்தம்.
பிஸ்கற் மட்டைப்பெட்டியின் மூடியை விலக்கினேன்.
உள்ளே பகல்.
ஒவ்வொரு குஞ்சின் தூவியையும் எண்ணலாம்,
அப்படியொரு வெளிச்சம்.
அதற்கு நேர் கீழே
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி
நடுங்கிக்கொண்டிருந்தன பன்னிரண்டும்.
இல்லை, பதினொன்று.
ஒன்று மட்டும் மூலையில்
மிகத் தெளிவாகத் தெரிந்தபடி கிடந்தது.

குப்பைப் பையைக் கவிழ்த்தேன்.
முதல் குமிழை ஆட்ட, உள்ளே கம்பி கிணுங்கியது.
அடுத்ததும் அப்படித்தான்.
மூன்றாவது எரிந்தது,
மஞ்சளாய், மங்கலாய், கொதித்துக்கொண்டு.
கீச்சு ஒவ்வொன்றாய் இறங்கி
கடைசியில் மழைத்தூறல் மட்டும் கேட்டது.
நிதுசன் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டிக்குள் கையை விட்டு
குமிழுக்குக் கீழே விரித்துப் பிடித்தபடி
கனநேரம் குந்தியிருந்தான்.

எட்டாவது புதுக் குமிழ் லாச்சிக்குள் கிடக்கிறது.
கழுத்தில் திகதி.
அதில் ஒரு பழுதுமில்லை.
என்னவென்று சொல்லிக் கொண்டுபோய் மாற்றுவது?

பில் வந்தது.
போன முறை தொண்ணூற்றெட்டு யூனிற்,
இந்த முறை எழுபத்தொன்று.
குகதாசன் கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.
நாட்காட்டியின் பின்பக்கத்தில்
மகன் எழுதி வைத்த கணக்கோடு ஒத்துப் பார்த்தார்.
"ஐம்பத்தொன்பதெண்டெல்லோ போட்டிருக்கிறான்.
மிச்சம் பன்னிரண்டும் எங்க போச்சு?"

இருபது இரவு. இரவுக்குப் பத்து மணித்தியாலம்.
நிதுசன் என்னைப் பார்த்தான்.
வெளியே வாழையடியில்
செட்டை முளைத்துக் கிளறிக்கொண்டிருந்தன.
தலைக்கு ஒரு யூனிற், பதினொன்று.
மற்றதை யார் பேரில் எழுதுவதென்று
அவனும் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை.